தொண்ணூறு லிட்டர்

சத்துவாச்சாரியில் இரண்டாம் மாடி.
வீட்டுக்காரர் முனிரத்தினம் மூன்று தரம் ஏறிவந்து
தரையைக் குதிகாலால் தட்டிப் பார்த்தார்.
"தாங்குமாம்மா?"
தொட்டி, மணல், தண்ணீர் எல்லாம் சேர்த்தால்
ஒரு கனத்த ஆளும் ஒரு பள்ளிக்கூடப் பையனும், அவ்வளவுதான் என்றேன்.
"அப்போ வாடகை மூணு பேருக்கு"
சிரித்தபடி இறங்கினார். பாதி நிஜம்தான்.

பாலாற்று மணல், யாரோ வீடு கட்டி மிஞ்சியது.
ஒரு துளி வினிகர் விட்டேன், நுரைக்கவில்லை.
பதினேழு வாளி அலசியும்
பதினெட்டாவது டீ நிறம்.
தண்ணீர் ஓடாத ஆற்றின் மணலுக்கு
இத்தனை தண்ணீர்.

அடியில் சலித்த செம்மண், மேலே மணல்.
அதன்மேல் ஒரு சாப்பாட்டுத் தட்டு,
தட்டின்மேல் மெல்ல ஊற்ற வேண்டும்.
போர் தண்ணீர் மீட்டரில் ஆயிரத்து இருநூறு காட்டியது.
எனக்கு இந்த எண்கள் பழக்கம்.
டயாலிசிஸ் அறையில் காலை ஆறு மணிக்கு
முதல் வேலையே தண்ணீரைச் சோதிப்பது.
கேன் தண்ணீர் பாதி,
வாரத்துக்கொருமுறை குழாயில் வரும் காவிரி பாதி,
குளோரின் போக ஒரு ராத்திரி வாளியில் கிடந்தது.

ஜாவா பெரணியைக் கருங்கல்லோடு நூலால் கட்டினேன்.
வேலம்பாசி தன்பாட்டுக்கு மிதந்தது.
கிரிப்டோகோரைன் நட்ட நாலாம் நாள்
இலையெல்லாம் கரைந்து கூழானது.
"பிடுங்கிடாதீங்க, வேர் கீது" என்றார் கடைக்காரர் சலாவுதீன்.
"இலை போச்சுன்னு பிடுங்கினா
என் கடையில ஒண்ணும் மிஞ்சாது."

"மீனு வுட்டியா?"
தனகோட்டி அக்காவின் முதல் கேள்வி,
செவ்வாய், வியாழன், சனி.
பேரணாம்பட்டு ஷூ கம்பெனியில் அப்பர் தைத்தவர்.
இப்போது இடக்கையில் இரண்டு ஊசி,
மூன்றாம் நம்பர் மெஷின், நாலு மணி நேரம்.
இன்னும் இல்லக்கா.
"இன்னாத்துக்குக் காத்துனு கீற?"
கண்ணுக்குத் தெரியாத பூச்சிங்க
ஸ்பாஞ்சுல குடியேறணும்க்கா.
மீனோட அழுக்க அதுங்கதான் தின்னணும்.
அதுக்கு முன்னாடி விட்டா
தன் மூத்திரத்துலயே மீன் செத்துடும்.

சொல்லி முடித்த பிறகு நாக்கைக் கடித்தேன்.
அவர் மெஷின் பக்கம் தலையைத் திருப்பினார்.
"நம்ம கேஸுதான்."

மீனில்லாத தொட்டிக்குத் தினம் ஒரு சிட்டிகை தீனி.
குப்பியில் நீரெடுத்துச் சொட்டு மருந்து விட்டால்
ஊதா.
மறுநாளும் ஊதா.
தீபாவளி டிரஸ்ஸுக்கு எடுக்கலாம் போன்ற ஊதா.
முப்பத்தெட்டாம் நாள் வெளிர்நீலம்.
யாரிடமாவது சொல்ல வேண்டும்.
அன்று பார்த்து ஞாயிற்றுக்கிழமை.

நியான் கேட்டேன். "இந்த வெயிலுக்கா?" என்றார் சலாவுதீன்.
ஆறு செர்ரி பார்பு, நாலு பிளாட்டி,
ஏரியில் பிடித்ததென்று இலவசமாய் ஒரு முண்டக்கண்ணி.
பையோடு கால் மணி மிதக்கவிட்டு
அவிழ்த்தேன்.
பிளாட்டிகள் வந்த வேகத்திலேயே
இரை தேடின. பார்புகள்
பெரணிக்குள் நுழைந்து மாலைவரை வெளிவரவில்லை.
கூழான செடியின் நடுவில்
குண்டூசித் தலையளவு ஏதோ பச்சை.

செவ்வாய்க்கிழமை செல்போனில் வீடியோ காட்டினேன்.
ஊசி இல்லாத கையில் வாங்கி
மூன்று முறை பார்த்தார்.
"எத்தினி லிட்டரு?"
தொண்ணூறு.
"எனக்கு ஒரு நாளைக்கு அர லிட்டரு."
உதடு அசைய எதையோ கணக்குப் போட்டார்.
"ஆறு மாசத்துக்கு வரும்."

அக்னி நட்சத்திரம். வெளியே நூற்றெட்டு டிகிரி.
பாட்டிலில் தண்ணீரை உறையவைத்துத்
தொட்டியில் மிதக்க விடுகிறேன் என்றேன்.
"ஐஸா?
எனக்கும் அதான். தாகம் தாங்கலன்னா
ஒரு கட்டி வாயில போட்டுனு
அது கரையற வரிக்கும் யார்கிட்டயும் பேசமாட்டேன்."

அன்று அவர் எடை மூன்று கிலோ இருநூறு கூடியிருந்தது.
அத்தனையும் தண்ணீர்.
எடுக்க வேண்டிய அளவை மெஷினில் அழுத்தினேன்.

வீட்டுக்கு வந்தபோது பாட்டில் முழுக்கக் கரைந்திருந்தது.
அதன் நிழலுக்கடியில் பார்புகள்.
ஐந்துதான் இருந்தன.
செருப்பைக் கழற்றாமலே
மறுபடி முதலிலிருந்து எண்ணத் தொடங்கினேன்.