வாலில்லாத எழுத்துகள்

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கெல்லாம்
கிடினியாவில் இருட்டிவிடும்.
துறைமுகத்துக் கிரேன்களில் விளக்கேற
நான் அறிக்கை எடுப்பேன்.

தேறியது பச்சை. தவறியது சிவப்பு.
தொடவே முடியாமல் முடங்கிக் கிடப்பது சாம்பல்.
அடுத்த பக்கம் ஆள்வாரியாக:
யார் கையில் எத்தனை சோதனை,
யார் தோளில் எத்தனை மணி.

யாகோதா நாற்பத்தொன்று.
கோர்னெல் நாற்பத்தொன்று.
போழேனா முப்பத்தெட்டு, அவளுக்கு ஒருநாள் பல்வலி.

"தராசில் நிறுத்த மாதிரி இருக்கு" என்றார் இயக்குநர்.
"வேலையை இப்படித்தான் பிரிச்சுக் கொடுக்கணும்."
தலையாட்டினேன்.
பாராட்டு யாருக்குக் கசக்கும்.

வீட்டுக்குப் போகிற வழியில்தான் உறுத்தியது.
மூன்று வாரமாக ஒரே உயரம்.
மனிதர்கள் அப்படி உழைப்பதில்லை.
ஒருவன் திங்களன்று சுணங்குவான்,
ஒருத்தி புதனன்று பேய்போல முடித்துத் தள்ளுவாள்.

கோர்னெலின் வரிசையைத் திறந்தேன்.
ஓட்டிய நேரம் இரவு ஒன்று பதினெட்டு.
ஒன்று ஐம்பது.
இரண்டு நாற்பது.
எங்கள் எழுத்துகள் சிலவற்றுக்கு அடியில் தொங்கும் குட்டி வால்
குறிப்புகளில் ஒன்றுகூட இல்லை.
கோர்னெல்
மளிகைச் சீட்டில்கூட வாலைப் போட்டுத்தான் எழுதுவான்.
வால் போடச் சோம்பல்படுகிறவள்
எங்களில் ஒருத்திதான்.

திங்கள் காலை யாகோதா
கெஃபிர் குடித்துக்கொண்டிருந்தாள்.
"கணக்கில் தப்பா?"
"கூட்டல் சரியாத்தான் வருது."
"அப்புறம் என்ன."
மேலுதட்டு வெள்ளையைத் துடைத்துக்கொண்டு
திரைப்பக்கம் திரும்பிவிட்டாள்.

பத்து மணிக்குக் கோர்னெல் வந்தான்.
மணிக்கட்டில் ஒரு காகித வளையம்,
குழந்தைகள் வார்டில் தகப்பனுக்குக் கட்டுவது,
கழற்ற மறந்திருக்கிறான்.
நான் பார்ப்பதைப் பார்த்து
ஸ்வெட்டர் கையை இழுத்து மூடினான்.
நான் சன்னலைப் பார்த்தேன்.
கீழே ஒரு டிராலி பஸ் கம்பியை விட்டு நழுவி நின்றிருக்க
ஓட்டுநர் இறங்கி
நீளக் கோலால் அதைத் திரும்ப மாட்டிக்கொண்டிருந்தாள்.

அந்த வாரம் நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

சனிக்கிழமை தனியாக வந்து
அந்த நாற்பத்தொன்றையும் நானே ஓட்டினேன்.
எல்லாம் பச்சை.
இருநூற்றுப் பன்னிரண்டாவது மட்டும்:
தூக்கிய பெட்டியை நடுவானில் நிறுத்து.
நிறுத்து என்றேன்.
நின்றது என்றது திரை.
நிற்கவில்லை,
ஒரு கொட்டாவி விடும் நேரம்
இன்னும் இறங்கியது.
மறுபடி ஓட்டினேன். மறுபடி இறங்கியது.
இரண்டு நாற்பதுக்குப் பச்சை அடித்தது இது.

திரையிலுள்ள பொம்மைக் கிரேனுக்குக் கீழே
ஆள் யாரும் வரையப்படவில்லை.
சன்னலுக்கு வெளியே உள்ளதற்குக் கீழே
ஆரஞ்சுச் சட்டையில் இரண்டு பேர்,
ஒருவன் கைகளை ஊதிச் சூடேற்றுகிறான்.

பிழைப் படிவத்தைத் திறந்ததும்
'முன்பு தேற்றியவர்' என்ற கட்டத்தில்
கோர்னெலின் பெயர் தானாக வந்து உட்கார்ந்தது.
அந்த இரவு அந்நேரம்
அவன் யாருடைய மூச்சை எண்ணிக்கொண்டிருந்தானோ.
அழித்துவிட்டு யாகோதா என்று போட்டால்
தவறு அவளுடையது.
ஆனால் அப்போது
அந்த நாற்பத்தொன்றும் அவளுடையது.

வெகுநேரம் கர்சர் மினுங்கியது.
பிறகு அவளைக் கூப்பிட்டேன், அவனையும்.
அவள் ஏதோ திட்டினாள். அவன் ஒன்றும் பேசவில்லை.
பின்னணியில் ஏதோ ஒரு கருவி
சீராக ஒலித்துக்கொண்டிருந்தது.

மூன்று வாரத்தையும் மறுபடி வரைந்தேன்.
கோர்னெல் பூஜ்யம்.
பூஜ்யத்துக்குப் பக்கத்தில் காரணம் எழுத இடமில்லை,
ஒரு பத்தி சேர்த்தேன்,
அதற்குத் தலைப்பு வைக்கத் தெரியவில்லை.
பங்கிட்டவர், சரிபார்த்தவர் இரண்டு இடத்திலும்
என் பெயர் ஏற்கெனவே இருந்தது.
குறிப்பை வால் ஒன்று விடாமல் எழுதினேன்.

தொண்ணூற்றாறு சதவீதம் தொண்ணூற்றைந்தானது.
யாகோதா எண்பத்திரண்டு.
கோடு தாளைத் தாண்டி ஓடியது.
அச்சுப்பொறி அவளை
எண்பதோடு வெட்டியது.