மூன்று சொட்டு

ஜூலை முழுக்கச் சூரியன் இறங்க மனமில்லாமல்
காட்டு விளிம்பிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.
இரவு பதினொன்றுக்கு, கொசு சற்றே ஓய்ந்தபின்,
சைக்கிள் கைப்பிடியில் வாரைச் சுற்றிக்கொண்டு
சரளைச் சாலையில் ஹில்லாவை ஓட்டிப் போவேன்.
முதலில் மூன்று கிலோமீட்டர்,
பிறகு ஏழு,
பிறகு பன்னிரண்டு.
அடுப்பை ஒட்டிப் படுத்தே அவள் சேர்த்த பனிக்காலக் கொழுப்பு
விலா ஒவ்வொன்றாகத் தெரியத் தெரியக் கரைந்தது.

ஞாயிறுதோறும் அவளைத் தூக்கிக்கொண்டு
குளியலறைத் தராசில் ஏறுவேன்.
பிறகு நான் மட்டும்.
கழித்தால் இருபத்து நாலரை.
(என் எடையை இங்கே எழுதுவதாக இல்லை.)

ஆகஸ்ட் பத்தொன்பது வரை
நாய் வாரில்தான் இருக்க வேண்டும் என்பது சட்டம்;
குஞ்சும் குட்டியும் அதற்குள் கால் ஊன்றிக்கொள்ளட்டும்.
இருபதாம் தேதி விடியலில் கொக்கியைக் கழற்றினேன்.
நிஜமாகவா என்று ஒரு பார்வை.
அவ்வளவுதான், வெள்ளைப் பாதங்கள் நான்கும் பாசிக்குள் மறைந்தன.

நாற்பது நிமிடம் சத்தமே இல்லை.
பிறகு சதுப்புக்கு அப்பாலிருந்து வந்தது.
குரைப்பு என்று சொன்னால் அது குறைத்துச் சொன்னது.
வெண்கலக் குடமொன்றைப் பாறைச் சரிவில்
யாரோ உருட்டிவிட்டாற்போல.
முயல் எத்தனை சுற்றினாலும்
எழுந்த இடத்துக்குத்தான் திரும்பிவரும்;
குடமும் கூடவே சுற்றியது.
துப்பாக்கி வீட்டில் அலமாரியில் பூட்டிக் கிடந்தது.
அன்றைக்கு அது நினைவுக்கே வரவில்லை.

அதன்பின் ஒன்பது நாள்
வீடே சின்னப் பட்டறை.
உள்ளங்காலில் பைன் தார் தடவி,
நகம் வெட்டி, ஒரு நகத்தில் அதிகம் வெட்டி, மன்னிப்புக் கேட்டு,
கழுத்துப்பட்டியின் மின்கலத்தை இரவெல்லாம் ஏற்றி,
போன வருடம் கிழிந்த ஆரஞ்சு அங்கியைத் தைத்தேன்.
அதில் ஓநாய்க்காக வைத்த ஆணிகள்
என் கட்டைவிரலைத்தான் முதலில் கண்டுபிடித்தன.
உறைபெட்டியில் மிஞ்சியிருந்த ஒற்றை முயலைக் கேரட்டோடு வேகவைத்து
இடத்தைக் காலி செய்தேன்.
அவ்வளவு நம்பிக்கை.

இருபத்தொன்பதாம் தேதி
சமையலறைத் தரையில் மூன்று சொட்டு.
லிங்கன்பெரி ஜாம் என்று நினைத்து விரலால் தொட்டேன்.
ஹில்லா மேசைக்கடியில்
தன்னைத்தானே நக்கிக்கொண்டிருந்தாள், மிகுந்த அக்கறையோடு.

பிப்ரவரியிலிருந்து எண்ணி வைத்திருந்தேன்,
செப்டம்பர் கடைசியில்தான் வரவேண்டும்.
நாட்காட்டியில் வட்டம்கூடப் போட்டிருந்தேன்.
உடம்புக்கு வாசிக்கத் தெரியாது என்பது
நாற்பது வருடம் பெண்ணாக இருந்த எனக்குத்
தெரிந்திருக்க வேண்டும்.

ஏரிக்கு அக்கரையில் இருக்கும் ஓஸ்மோவைக் கூப்பிட்டேன்.
அவனுடைய யெஹு கடுவன் நாய்.
"ஒரு பருவத்துக்குக் குறுக்கே
இன்னொரு பருவம் வந்துவிட்டது" என்றேன்.
"சரி" என்றான்.
அரை நிமிடம் கழித்து, இன்னொரு "சரி".
இந்தக் கைனூ மண்ணில் அதற்குப் பெயர் ஆறுதல்.

செப்டம்பர் ஒன்று. ஐந்தரை மணி.
தண்ணீர்மேல் புகையாகப் பனி.
ஜன்னலைத் திறந்து வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தோம்
நானும், காதை மட்டும் உயர்த்திய அவளும்.
யெஹுவின் குரல் மெல்லியது, அவசரக்காரன் குரல்.
மேட்டில் ஏறியது, வளைந்தது,
நல்ல சுற்று, இன்னும் கொஞ்சம்,
ஓஸ்மோ இந்நேரம் பாதுகாப்புக் கொக்கியை நகர்த்தியிருப்பான்.

நின்றது.

தடம் தவறியவன் திரும்பத் தேடுகிற முனகல்கூட இல்லை.
காற்று மட்டும் திசை மாறி
எங்கள் பக்கத்திலிருந்து ஏரிமேல் போய்க்கொண்டிருந்தது.

பத்து நிமிடத்தில் கதவைப் பிறாண்டும் சத்தம்.
முழுக்க நனைந்து, வாலில் அல்லித்தண்டோடு,
கழுத்தில் பச்சை விளக்கு விட்டுவிட்டு மின்ன
யெஹு நின்றான்.
என்னைப் பார்க்கவே இல்லை.

அக்கரையில் எங்கோ புளூபெரிப் புதருக்குள்
ஒரு முயல் நின்று, பின்னால் திரும்பி,
யாருமில்லாத பாதையைப் பார்த்திருக்கும்.

தொலைபேசி அடித்தது.
ஓஸ்மோ தன் திரையில்
என் வாசலில் அசையாமல் நிற்கும் புள்ளியை
வெறித்துக்கொண்டிருப்பான்.
இரண்டு முறை அடிக்கவிட்டேன்.
படகில் வந்தால் கால் மணி நேரம்.
எடுக்குமுன்
காப்பிக்கு இன்னொரு கோப்பைத் தண்ணீர் சேர்த்தேன்.