கறள் கணக்கு

எண்பத்தொன்பதாம் ஆண்டு சுசூக்கி.
வனக்காவலர் ஸீல்மான் செத்த பிறகு
அவர் மனைவி ஆயிரத்து எண்ணூறு பிராங்குக்குத் தந்தாள்,
நாய்மயிரோடும் ஒரு கோடரியோடும்.
கோடரியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன்.
"அது வண்டியோடு சேர்ந்தது" என்று கதவைச் சாத்தினாள்.

நான் வீடுவீடாகப் போய்ப் புண்ணுக்கு மருந்து கட்டுகிறவள்,
இன்சுலின் ஏற்றுகிறவள், முதுகு கழுவிவிடுகிறவள்.
ஃப்ளூலியில் என் ஆட்கள் எல்லாரும்
மேட்டில்தான் இருக்கிறார்கள்.
தபால் பஸ் திரும்பிப் போகிற இடத்துக்கு மேலே
இன்னும் இருபது நிமிடம் பாதை இருக்கிறது.

நகுலேஸ் சொன்னார்:
"உமக்கென்ன விசரே? லீசிங்கில புதுசு எடுக்கலாம்.
சீற்றும் சுடும்."
அன்றுமுதல் அவர் இதில் ஏறவில்லை.
நான் ஒரு கொப்பி வாங்கிக் கணக்கெழுதத் தொடங்கினேன்.

பரிசோதனை க்ரியென்ஸில்.
அதிகாரி ஸ்க்ரூ டிரைவரின் பிடியால்
அடித்தட்டைத் தட்டிக்கொண்டு போனார்.
டிங். டிங். டிங்.
பிறகு முனையால் ஒரு குத்து. சத்தமே இல்லை.
கம்பி உள்ளே போய்விட்டது.
இருவரும் கழுத்தை வளைத்து
அந்த ஓட்டையைக் கொஞ்ச நேரம் பார்த்தோம்.
"இவ்வளவு நாளும் பெயின்ற்தான்
உங்களைத் தாங்கியிருக்கிறது."
ஏழு குறை. ஒரு மாதத் தவணை.

வீதிக்கு உப்புப் போடுகிறார்கள், நாங்கள் வழுக்காமலிருக்க.
அந்த உப்பு இரும்பைத் தின்கிறது.
யாரிடம் முறையிடுவது?

உழவு இயந்திரக் கராஜில் பழகுகிற கிலியான்
சனிக்கிழமை தகரம் வெட்டி ஒட்டித் தந்தான்.
காசு வேண்டாம் என்றான், கோடரியைக் கேட்டான்.
கொடுக்கவில்லை.
கொப்பியில்: ஒட்டு வேலை, இருநூற்றிருபது.

பின்னச்சு ஒயிலை நானே மாற்றினேன்.
கூழ்முட்டை மணம்.
மூன்று முறை முழுகியும் தலையணையில் இருந்தது.
நகுலேஸ் தன் தலையணையை எடுத்துக்கொண்டு
ஹோலுக்குப் போனார்.

இந்த வண்டியில் நான்கு சில்லும் இழுக்க வேண்டுமென்றால்
முதலில் இறங்க வேண்டும்.
முன்சில்லு ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு குமிழ்.
பனியில் குந்தியிருந்து, கையுறையைக் கழற்றி,
கிளிக் என்னும்வரை திருப்ப வேண்டும்.
பிறகு ஏறி, உள்ளேயுள்ள சின்னத் தடியை இழுக்க வேண்டும்.

தை மாதம், போர்ட்மான் வீட்டு ஏற்றம்.
வலதைப் பூட்டினேன். தொலைபேசி அடித்தது.
இடதை மறந்து ஏறிவிட்டேன்.
பாதி வழியில் பின்சில்லு இரண்டும் சுற்றுகின்றன,
முன்பக்கம் சும்மா நிற்கிறது.
ஒன்றைப் பூட்டி மற்றதைத் திறந்து விட்டால்
பலமெல்லாம் திறந்திருக்கிற பக்கத்தால் போய்விடும்,
பூட்டிய சில்லும் இழுக்காது.
பனிச்சேற்றில் முழங்காலிட்டு இதைக் கண்டுபிடித்தேன்.
வீட்டில் சொல்லியிருந்தால்
ஜாடை பேசுகிறேன் என்பார்.
நான் சில்லைப் பற்றித்தான் சொல்கிறேன்.
என்றாலும் அன்றிரவு மேசையில்
பால்தேத்தண்ணி ஆறுவதைப் பார்த்துக்கொண்டு
அதை மட்டும் சொன்னேன்:
இரண்டு பக்கமும் பூட்ட வேண்டும் என்று.
அவர் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டாம் முறை தேறிவிட்டது.
அதிகாரி சிரிக்கவில்லை. முத்திரையை
வேண்டியதைவிட அழுத்திக் குத்தினார்.

ஆனி மாதம். பெற்றோல் கணக்கு உதைத்தது,
நூறு கிலோமீற்றருக்கு ஒரு லீட்டர் கூட.
பிளக் பார்த்தேன், காற்று வடி பார்த்தேன்,
ரயருக்குக் காற்றடித்தேன்.
கடைசியில் கிறீஸ் அடிக்கக் குனிந்தபோதுதான் கண்டேன்:
முன்குமிழ் இரண்டும் பூட்டியிருந்தன.
சித்திரையில் நானே திறந்துவிட்டது நினைவிருக்கிறது.
கொப்பியிலும் இருக்கிறது, திகதியோடு.

"எனக்கென்ன தெரியும் உம்மட வாகனத்தைப் பற்றி"
என்றார் நகுலேஸ், கையைக் கழுவிக்கொண்டு.
வெயில் எறிக்கிற ஆனியில், பனியே இல்லாத ஊரில்
யாரோ குந்தியிருந்து இரண்டு பக்கமும்
கிளிக் என்னும்வரை திருப்பியிருக்கிறார்கள்.

உடனே திறக்கவில்லை.
இன்னுமொரு கிழமை அப்படியே ஓட்டினேன்.
ஸ்டியரிங் கொஞ்சம் பாரமாக இருந்தது.
மேலதிகச் செலவு: பதினெட்டு பிராங்.
காரணம் என்ற இடத்தில் எதுவும் எழுதவில்லை.
மழை பெய்தால் கூரை இன்னமும் ஒழுகுகிறது,
பக்கத்துச் சீற்றில்.
அதற்கொரு றப்பர் பட்டி வாங்க வேண்டும்.