கப்பல் ஏறாத மிளகாய்

அம்மாபேட்டை தாண்டியதும்
டயர்க் கடைக்கு அடுத்தாற்போல்
தெர்மோகோலில் ஒரு கோட்டை.
வாசலில் ஈட்டியோடு நின்றவன்
எங்கள் காரைக் கண்டதும்
ஈட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு
வாங்க வாங்க, ஒடிச்சுத் திருப்புங்க
என்று பார்க்கிங் காட்டினான்.

நான் நாகப்பட்டினத்து இறால் கம்பெனியில்
குளிர் அறைகளுக்குப் பொறுப்பு.
கூட வந்தவள் ஐஸ்லாந்துக்காரி.
மைனஸ் பதினெட்டில் நாங்கள் செய்யும்
தப்பையெல்லாம் நோட்டில் எழுதி முடித்து
ராத்திரி விமானத்துக்குத் திருச்சி போகிறாள்.
ரக்ன்ஹெய்தர் என்று பெயர்.
மூன்று நாள் பழகியும் என் வாயில் அது
ரங்கநாயகிக்குப் பக்கத்தில்தான் நின்றது.

உள்ளே ஒரு பலகை:
மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு கேட்காதீர்.
அவை இன்னும் கப்பல் ஏறவில்லை.

தாமரை இலையில் தினைச்சோறு வந்தது.
மிளகுச்சாறு, கருணைக்கிழங்கு மசியல்,
புளி விட்ட கத்தரிக்காய்,
ஆயிரம் வருஷமாய் யாரோ எண்ணிக்கொண்டிருப்பதுபோல்
சொட்டுச் சொட்டாய் நெய்.
ஸ்பீக்கரில் போர்முரசு.
பக்கத்து மேசைப் பையன் கெச்சப் கேட்டு அழுதான்.
வீரன் இருபுறமும் பார்த்துவிட்டு
மார்க்கவசத்துக்குள் கைவிட்டு
ஒரு பாக்கெட்டை எடுத்து நீட்டினான்.
கவசத்தின் மேல் பேட்ஜ்:
இருதயராஜ்.

எங்கள் ஊரிலும் இப்படி ஒன்று உண்டு, என்றாள்.
கொம்பு வைத்த தலைக்கவசத்தோடு பரிமாறுவார்கள்.
எங்கள் முன்னோர் ஒருத்தருக்கும்
கொம்பு இருந்ததில்லை.
இரண்டாய்ப் பிளந்து வேகவைத்த ஆட்டுத்தலை
ஒற்றைக் கண்ணால் நம்மைப் பார்க்கும்.
புதைத்து எடுத்து மாதக்கணக்கில்
காற்றில் தொங்கவிட்ட சுறாவை
வெளியூர்க்காரர்கள் ஒரு துண்டு கடித்து
படம் பிடித்துக்கொண்டு
காகிதத்தில் துப்புவார்கள்.

நீங்கள்?

நாங்கள் விழுங்குவோம்.
உங்களுக்குத் தை பிறக்கும் சமயம்
எங்களுக்கும் ஒரு மாதம் பிறக்கும்.
அப்போது மட்டும்.

அந்த நேரம்தான் வந்தது அந்த வாடை,
முரசுக்கு அடியில் நுழைந்து.
நெத்திலி இல்லை. வாளை.
என்னுடையது அக்கரைப்பேட்டை மூக்கு.

முதலாளி ஓடிவந்து ஊதுபத்தி கொளுத்தினார்.
சாரி சார், ஸ்டாஃப் சாப்பாடு.
அந்தக் காலத்துல நம்மாளுங்க சுத்த சைவம்.
கடல் தாண்டிப் போனவர்கள்
படகில் எதைத் தின்றார்கள் என்று
கேட்க வாயெடுத்தேன்.
எதிர் நாற்காலி காலியாக இருந்தது.

கோட்டையின் முதுகுக்கு யாரும் வர்ணம் பூசவில்லை.
வெள்ளை வெள்ளையாய் நின்றது.
அதற்கப்பால் வயல், ஓடும் மோட்டார்.
கவிழ்த்துப் போட்ட கிரீடம் ஒன்றில்
உரித்த வெங்காயம்.
தையல்நாயகி இறக்கிய குழம்பு செக்கச்செவேல்,
எல்லாக் கப்பலும் வந்து சேர்ந்துவிட்ட சிவப்பு.

அவளுக்குக் குழம்பு வேண்டாமாம்.
கூடையில் மிச்சமிருந்த காய்ந்த வாளையைக் காட்டினாள்.
மூன்று நாளாய் எங்கள் மீன்களை எல்லாம்
வெப்பமானியால் குத்திப் பார்த்தவள்
ஈயை விரலால் தள்ளிவிட்டுப் பிய்த்தாள்.
வெண்ணெய் இருக்கிறதா?
நெய்தான் இருந்தது. தொட்டுக்கொண்டாள்.

சுடாமலா, என்றான் இருதயராஜ்.
வயித்த வலிக்கும்னு சொல்லுங்க சார்,
என்றாள் தையல்நாயகி.
நான் மொழிபெயர்க்கவில்லை.
அவள் மென்றுகொண்டே இருந்தாள்,
கன்னத்தசை ஏறி இறங்க,
ரொம்ப நேரம்.

உப்பு அதிகம், என்றாள் கடைசியில்.
ஊரில் கார் ஓட்டும்போது
இதைத்தான் தின்போம், சிப்ஸ் மாதிரி.

பில் ஓலைச்சுவடிபோல் சுருண்டு வந்தது.
தினைச்சோறு இரண்டு, நெய் இரண்டு, ஜிஎஸ்டி.
வாளையைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை.

வல்லம் தாண்டியும் கார் முழுக்க
அவள் விரல் வாடை.
கண்ணாடியை இறக்கட்டுமா என்றேன்.
வேண்டாம் என்றவள் தூங்கிப்போனாள்.
மடியில் நோட்டு திறந்து கிடந்தது.
டோல்கேட் வெளிச்சத்தில் எட்டிப் பார்த்தேன்.

எங்கள் மார்க் ஒன்றும் ஏறவில்லை.