பதிவாகும் அழைப்பு

இரவு இரண்டு நாற்பது. பெருங்குடி, ஆறாவது மாடி.
ஏசிக் குளிருக்குச் சால்வை; ஹெட்செட்டில் லைப்சிக்.
அங்கே இன்னும் நேற்று முடியவில்லை.

ரேமண்ட் சவரிமுத்து, வயது இருபத்து நான்கு, மாணவர் காப்பீடு.
அட்டை எண் சரி.
வலப்பக்கம், அடிவயிறு என்கிறான் ஆங்கிலத்தில்.
ஆம்புலன்ஸ் கூப்பிட்டால் எவ்வளவு ஆகும்?

எங்கே வலிக்கிறது என்று முடிக்கும் முன்
விலை கேட்பவர்களை எனக்குத் தெரியும்.
எங்கள் தெருவே அப்படித்தான்.

திரையில் உள்ளதைப் படிக்கிறேன்:
ஆபரேஷனுக்குக் காசில்லை.
படுக்கைக்கு நாளொன்றுக்குப் பத்து யூரோ,
ஆம்புலன்ஸுக்கும் பத்து.
மறுபடி கேட்டான். மறுபடி படித்தேன்.

என் பாலிசி இழுப்பறையில் கிடக்கிறது.
என் தைராய்டு முன்பே இருந்த நோயாம்.
மூன்று வருடம் அது
பொறுத்துக்கொள்ள வேண்டுமாம்.

அப்போது வலி ஒருமுறை திருகியிருக்க வேண்டும்.
"யப்பா" என்றான்.
அந்த ஒரு சொல்லில்
காசிமேட்டு ஐஸ் வண்டி, திருவொற்றியூர் பஸ்,
ஈர லுங்கி எல்லாம் உள்ளே வந்துவிட்டது.

எந்த ஊரிலிருந்து பேசுகிறோம் என்று சொல்லக்கூடாது.
ஆங்கிலம் தவிர வேறு மொழி கூடாது.
பதிவாகிறது.

"ஒண்ணும் சாப்பிடாதீங்க, தண்ணிகூட வேணாம்.
நூத்திப் பன்னெண்டுக்கு அடிங்க. இப்பவே."

எட்டு நொடி ஒன்றுமில்லை.
ரிப்போர்ட்டில் அதைக் காலி நேரம் என்று எழுதுவார்கள்.
பிறகு, தணிந்த குரலில்:
"அக்கா, வீட்ல சொல்லிடாதீங்க."

யார் வீட்டில் என்று நான் கேட்கவில்லை.
லைன் போனது.
கியூவில் இன்னும் பதினேழு பேர்.