கடைப்பிடி

பங்சார், பதினேழாம் மாடி.
நாற்காலிகளை வட்டமாய்ப் போட்டு
டேரன் சியா சொன்னார்:
இதில் மதம் இல்லை, பயப்படாதீர்கள்.
ஊதுவத்தி இல்லை. சிலை இல்லை.
மூச்சு மட்டும்.
எட்டு வாரம். கம்பெனி செலவு.

நான் கடன் வசூல் பிரிவு.
போனில் என் பெயர் சாரா.
மங்களேஸ்வரி என்றால்
வீடு தேடி வந்துவிடுவார்களாம்;
சேர்ந்த அன்றே பெயரைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள்.

நாளுக்கு நூற்றிருபது அழைப்பு.
முன்பெல்லாம் இரவு சோற்றில் கை வைக்க முடியாது.
ஒருவன் என் பிறப்பை இழுத்துத் திட்டினான்.
ஒருத்தி அழுதாள்,
அழுகைக்குப் பின்னால் குக்கர் விசில் அடித்தது,
அணைக்க ஆளில்லை.

இப்போது வசை வருகிறது.
வசை என்று குறித்துக்கொள்கிறேன்.
தொண்டை இறுகுகிறது. இறுக்கம்.
யாரோ அழுகிறார்கள். சத்தம், சத்தம்.
பிறகு வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் கேட்கிறேன்:
எந்தத் தேதிக்குள் கட்டுவீர்கள்?

மூன்றாம் மாதம் வசூலில் நான்தான் முதல்.
கண்ணாடிக் கேடயத்தில் சாராவின் பெயர்.

இந்தப் பயிற்சிக்கு வேர்ச்சொல் தேடிப் போனேன்.
பாலியில் சதி என்பார்களாம், நினைவு என்று பொருள்.
தமிழில் எழுதிப் பார்த்தேன்.
சதி.
சிரிப்பு வந்தது. சிரிப்பு என்று குறித்துக்கொண்டேன்.

தமிழிலும் ஒரு காலத்தில் பௌத்தம் இருந்தது.
நாகையில் விகாரம், கட்டுவித்தவன் கடாரத்து அரசன்;
என் வீட்டுக்காரர் வாரம் இருமுறை
லோரி ஓட்டிப் போகும் அதே கெடா.
அந்தத் தமிழ் இதற்கு வைத்த பெயர்
நற்கடைப்பிடி.
டேரன் விடு, விடு என்கிறார்.
பழைய தமிழ் பிடி என்கிறது.
எதை?

எட்டுப் பேர் நிற்கும் வரிசையில் அது ஏழாவது.
இரண்டு இடம் முன்னால்
நல்வாழ்க்கை என்று ஒருத்தி,
எதைச் செய்து சோறு தின்கிறாய் என்று கேட்பவள்.
டேரனின் வட்டத்தில் அவளுக்கு நாற்காலி போடவில்லை.

பிரிக்பீல்ட்ஸ் விகாரையைத் தாண்டித்தான்
பத்து வருடமாய் ரயிலுக்கு நடக்கிறேன்.
சிங்களக் கோயில் என்று என் கொழுந்தன்
அந்த வாசல் பக்கம் திரும்பமாட்டான்.
முல்லைத்தீவில் எங்களுக்குச் சொந்தம் இருந்தது.
இருந்தது என்றுதான் சொல்வான்.
ஒரு பௌர்ணமி இரவு, அவனிடம் சொல்லாமல்
செருப்பை ஓரமாய் விட்டேன்.

ஊதுவத்தி இருந்தது. சிலை இருந்தது.
கொசு இருந்தது. முட்டி வலித்தது.
மூச்சைப் பற்றி யாரும் எடுத்த எடுப்பில் பேசவில்லை.
முதலில் ஐந்து உறுதி:
கொல்லேன், கொடாததை எடேன் என்று
கூட்டமே பாலியில் சொல்லிக்கொண்டு போக,
பொய் சொல்லேன் என்னும் இடத்தில்
பக்கத்துப் பாயில் ஒரு இருமல்.

அந்த இருமலை எனக்குத் தெரியும்.
கெப்போங், லிம் சூன் ஹுவாட்,
மோட்டார் கடன், நான்கு தவணை பாக்கி.
வெள்ளிக்கிழமை கட்டிவிடுகிறேன் மிஸ் சாரா.
ஒவ்வொரு வாரமும் அதே வெள்ளிக்கிழமை.

வெள்ளைச் சட்டை, காலரில் தையல் விட்டிருந்தது.
கையில் ஒற்றைத் தாமரை,
கடையில் போட்ட ரப்பர் பேண்டைக்கூடக் கழற்றவில்லை.
பூவுக்குக் காசு இருக்கிறதே என்று
மனம் சட்டென்று கணக்குப் போட்டது.
கணக்கு என்று குறித்துக்கொள்ள மறந்துபோனேன்.
எனக்கும் காற்று வரட்டும் என்று
அவர் தன் பாயைக் கொஞ்சம் நகர்த்திக்கொண்டார்.

திங்கள், ஒன்பது பத்து.
பட்டியலில் நான்காவது பெயர்.
மணி போகிறது. ஹலோ. இருமல்.
நான் சொல்ல வேண்டிய வரி திரையில் மினுக்குகிறது.
மூச்சு உள்ளே வந்தது.
யாருக்கு வேலை செய்கிறாய் என்று கேட்காமல்
அது பாட்டுக்கு வந்துகொண்டுதான் இருக்கிறது.

மிஸ்டர் லிம், என்றேன்.
நான் மங்களேஸ்வரி.

பக்கத்து மேசையில்
யாரோ தட்டச்சை நிறுத்தினார்கள்.