கீப்பருக்குத் தெரிந்த பக்கம்

மட்டையின் முகம் பவுலருக்கு.
எனக்கு எப்போதும் முதுகுதான்.

பதினாறு வருஷமாக அரசரடி ரயில்வே மைதானத்தில்
குத்தவைத்து உட்கார்ந்து
முதுகு முதுகாகப் பார்த்தவன்.
ஆளை மறந்துவிடுவேன். அதை மறப்பதில்லை.

துளசிராம் மட்டைக்குத் தோளில் சதையே கிடையாது.
மெல்ல ஏறி மெல்ல இறங்கும்.
ஓரம், பள்ளிக்கூட ஸ்கேல்.
பந்து அதில் உரசினால்
தீக்குச்சி கிழித்த மாதிரி ஒரு சத்தம்,
கண் மூடித் திறந்தால் என் கையுறைக்குள் இருக்கும்.
அவனும் அம்பயரைப் பார்க்காமல் நடந்துவிடுவான்.
எங்களுக்குள் அப்படி ஓர் ஒப்பந்தம்.

அப்புறம் அவர்கள் டீமில் நிர்மல் வந்தான்,
காளவாசலில் டைல்ஸ் கடை,
கையில் தவணைக்கு வாங்கிய மட்டை.
நாகமலையைச் சீவி ஒட்டவைத்ததுபோல்
நடுவில் நீளமாக ஒரு மேடு,
இரண்டு பக்கமும் கரண்டியால் வழித்த பள்ளம்,
ஓரம் கதவு நிலை.
"எத்தனை கிலோடா இது?"
தூக்கிப் பார்த்தேன்.
துளசிராமுடையதைவிட லேசு.

நான் மாட்டுத்தாவணி பூமார்க்கெட்டில்
தராசுக்குப் பின்னால் நிற்பவன்.
எடையில் என்னை ஏய்க்க முடியாது.
நாங்கள் பூவுக்குத் தண்ணீர் தெளித்து
எடையைக் கூட்டுவோம்.
அவர்கள் மரத்தின் தண்ணீரை வற்றவைத்து
பருமனைக் கூட்டுகிறார்கள்.
தொழில் ஒன்றுதான்.

அதோடு எட்ஜ் என்று ஒன்று இல்லாமல் போனது.
அபுதாகிர் வெளியே எடுத்துக்கொண்டு போவான்,
நிர்மல் தப்பாகத்தான் வீசுவான்,
ஓரத்தில்தான் படும்,
தொம்மென்று என் தலைக்கு மேலே போய்
காம்பவுண்டைத் தாண்டித் தண்டவாளத்தில் விழும்.
தப்புக்கு ஆறு ரன்.
அபுதாகிர் என்னைப் பார்ப்பான்.
நான் வானத்தைப் பார்ப்பேன்.

இரண்டடி பின்னால் போனேன்.
மறு சீசன் இன்னும் ஓரடி.
பந்து வருமுன்னே எழும்பப் பழகினேன்.

அம்பயர் பாஸ்கல்ராஜ்
அக்ரிலிக் தகட்டில் அளவுச் சட்டம் ஒன்று அறுத்து வைத்திருக்கிறார்.
ஓரம் நாற்பது மில்லிமீட்டர், மயிரிழை கூடக் கூடாது.
டாஸுக்கு முன் ஒவ்வொரு மட்டையாக
அதில் நுழைத்து இழுப்பார்,
ஊசியில் நூல் கோர்க்கிற முகத்தோடு.
நிர்மலுடையது சிக்கியது.
ஸ்டிக்கரை உரித்ததும் போய்விட்டது.
"சட்டப்படி செல்லும்" என்றார், வருத்தமாக.

போன ஞாயிறு.
கடைசி விக்கெட், அவர்களுக்கு மூன்று ரன் வேண்டும்.
பதினோராவது ஆள் ஞானதுரைக்குச் சொந்த மட்டை இல்லை.
நிர்மல் இரவல் தரமாட்டான், தவணை முடியும்வரை.
கிட் பைக்குள் கையை விட்டு
எதையோ உருவிக்கொண்டு வந்தான்.
கார்டு எடுத்து நின்றபோது பார்த்தேன்:
துளசிராம் முதுகு.
எனக்கு வாயூறியது.

அபுதாகிர் போட்டான்.
தீக்குச்சி.

ஞானதுரைக்கே கேட்கவில்லை, எனக்குக் கேட்டது.
ஆனால் நான் மூன்றடி தள்ளி இருந்தேன்,
எழும்பியும் விட்டிருந்தேன்.
பந்து எழும்பவில்லை.
தாழ்ந்து, பழைய பழக்கத்தில்,
நான் இருந்திருக்க வேண்டிய இடத்துக்கு வந்து பார்த்துவிட்டு,
சுண்டுவிரல் நுனியைத் தட்டிக்கொண்டு
பவுண்டரிக்குப் போனது.

யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
மட்டைமேல் பழி போடவும் வழியில்லை.

வேப்பமரத்தடியில் விரல் வீங்கிக்கொண்டே வந்தது,
ஓரம் தடித்து, நடுவில் மேடு தட்டி.
பாஸ்கல்ராஜ் தன் தகட்டை எடுத்து
அதற்குள் விரலை விட்டார்.
தாராளமாகப் போனது.
"சட்டப்படி செல்லும்."
அபுதாகிர்கூடச் சிரித்துவிட்டான்.

திங்கள் விடியாக்காலையில்
பிச்சி நிறுத்துக்கொண்டிருந்தேன்.
செல்லூர்க்கார அம்மா குனிந்து பார்த்து
சத்தம் போட்டது:
"தட்டுலருந்து விரலை எடுங்கண்ணே."